தூக்கணாங்குருவிக்குக் கலீல் போட்ட கள்ளச் சரி

கிண்ணியாப் பக்கம் பைபர் வள்ளத்தில் வெடிப்பு விழுந்தால் ஆட்கள் முதலில் தேடுவது கலீலுர் றஹ்மானைத்தான். அவனுடைய வளவுக்குள் எந்நேரமும் இரண்டு வள்ளங்கள் குப்புறக் கிடக்கும். முழங்காலில் நின்று தேய்ப்பான், நார் வைத்துப் பசை பூசுவான், காய்ந்ததும் பெயிண்ட் அடிப்பான். "நான் ஒட்டின வள்ளம் தண்ணிக்குள்ள தாண்டு போச்சுண்டு இண்டைக்கு வரைக்கும் ஆரும் வந்து சொன்னதில்ல" என்பான். அடுத்த மூச்சிலேயே, "தாண்டு போன ஆள் வந்து சொல்ல ஏலாதுதானே" என்று தானே முடித்தும் வைப்பான். மற்றவர்கள் சிரிக்க முன்னம் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டால் அடி குறைவாக விழும் என்பது முப்பத்தெட்டு வயதில் அவன் கண்டுபிடித்திருந்த ஒரே தத்துவம்.

அவன் இருக்கும் வீடு அவனுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வாப்பாவும் சகோதரர்களும் மாடாய் உழைத்துப் பிள்ளைக்கு வீடு கட்டுவார்கள், மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். கலீலும் அப்படித்தான் பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு பேக்கும் ஒரு மேசை ஃபேனுமாக றிஷானாவின் வீட்டுக்கு வந்து இறங்கினான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் றிஷானா போய்விட்டாள். வீடு இப்போது ஒன்பது வயது மகள் லைலாவுடையது. பக்கத்து வீட்டில் றிஷானாவின் மூத்த சகோதரி ஹுஸ்னியா இருக்கிறாள். கலீல் யாருடைய வீட்டில் இருக்கிறான் என்று யாராவது கேட்டால், "என்ட மகள்ட வீட்டில. நல்ல பிள்ளை, இன்னும் எழும்பச் சொல்லல்ல" என்பான்.

இந்த வருடம் அலியார் காக்கா ஒரு கலியாணக் கதையோடு வந்தார். அலியார் வீதிக்கடை வைத்திருப்பவர். பெண் மூதூர். பெயர் அம்ரா, முப்பத்துநாலு வயது, முதல் கலியாணம் ஒத்துவராமல் முடிந்து ஐந்து வருடம், வீட்டிலேயே பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறாள். கொங்கிறீட் போட்டு மேல்மாடி ஊத்தின வீடு.

"வீடு இரிக்கி, புள்ள நல்ல புள்ள, கூடப் பொறந்த காக்கா ஸெய்னுதீன் நல்ல மனிசன். ஒரே ஒரு கதைதான்" என்றார் அலியார். "நிக்காஹ் முடிஞ்ச அண்டைக்கே நீ அங்க குடி போகணும்."

"லைலா?"

"கூட்டிக்கிட்டுப் போ."

"அவள் அவட உம்மாட வீட்டை விட்டுட்டு வரமாட்டாள் காக்கா. ரெண்டு தரம் ஸ்கூல் ட்ரிப்புக்கே போகல்ல."

"அப்ப ஹுஸ்னியா பாத்துக்குவாதானே. ஊருல இல்லாத வேலையா இது?"

இல்லாத வேலை இல்லைதான். மனைவி மௌத்தான ஆண்கள் இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போவதும், பிள்ளைகள் உம்மாவின் ஆட்களோடு நின்றுவிடுவதும் இங்கே நடக்கிற காரியம். யாரும் குறையாகச் சொல்வதில்லை. பெருநாளைக்கு வாப்பா உடுப்பு எடுத்துக்கொண்டு வருவார், பிள்ளை வாசலில் நின்று வாங்கும். கலீல் அந்த வாசலையும் அந்த உடுப்புப் பையையும் மனதுக்குள் ஒருதரம் பார்த்தான். பார்த்துவிட்டு, "நம்பரைத் தாங்க, கதைச்சுப் பாக்கிறன்" என்றான். அதுதான் கலீல்.

அதே கிழமைதான் ஜதுசா வந்தாள்.

ஜதுசா சாம்பல்தீவுப் பிள்ளை. கம்பஸில் கடைசி வருடம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வளவுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் நின்ற தென்னையை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா, உங்கட தென்னையில எட்டுக் கூடு தொங்குது, தெரியுமோ?"

"தெரியும் தங்கச்சி. தூக்கணாங்குருவி. வாடகை தராத ஆக்கள். நானும் அப்பிடித்தான், அதால ஒண்டும் சொல்றதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொப்பியை விரித்து, தான் படிக்கும் விஷயத்தை மூச்சு விடாமல் சொன்னாள். ஆண் குருவி புல்லைக் கிழித்துக்கொண்டு வந்து கூடு கட்டும். ஹெல்மெட் மாதிரிப் பாதி வந்ததும் நிறுத்திவிடும். பிறகு அதில் தொங்கிக்கொண்டு செட்டையடித்துக் கத்தும். பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து இழுத்துப் பார்க்கும், கொத்திப் பார்க்கும். பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும்.

"பிடிச்சா?"

"பிடிச்சா ஆண் மிச்சக் கூட்டைக் கட்டி முடிக்கும். பெண் முட்டை இட்டு அடைகாக்கும். ஆண் பக்கத்து ஓலையில இன்னொரு கூடு தொடங்கும், அடுத்த பொம்பிளைக்கு."

"அப்ப பிள்ளையள்?"

"அதுதான் அண்ணா என்ட கேள்வி! பிள்ளைக்குத் தீன் குடுக்கிற நேரம் புதுச் சோடி தேட ஏலாது. சோடி தேடுற நேரம் தீன் குடுக்க ஏலாது. சில ஆண்கள் கொஞ்சம் குடுக்குதாம், கனபேர் திரும்பியும் பாக்கிறேல்லையாம். நான் நாலு மரம் எடுத்திருக்கிறன். எல்லாத்திலயும் என்னால நிக்க ஏலாது. உங்கட மரத்தை நீங்கள் பாப்பீங்களோ?"

காலில் மஞ்சள் வளையம் போட்ட ஆண் குருவி ஒன்றைக் காட்டினாள். அதை மட்டும் பார்த்தால் போதும். காலை ஆறில் இருந்து ஏழு வரை, பின்னேரம் நாலில் இருந்து ஐந்து வரை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். கூட்டில் நிற்குது, தீன் கொண்டு வருது, புதுக் கூட்டில் நிற்குது, காணவில்லை. நாலில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும்.

லைலா குசினிக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "ஆர் ஆர் எங்க எங்க நிக்கிறாங்கண்டு எழுதினாச் சரியா அக்கா?"

"ஓம், அவ்வளவுதான்."

மஞ்சள் வளையக்காரனுக்குக் கலீல் "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தான். மாப்பிள்ளையைப் பார்த்து முதல் மூன்று நாளும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. என்ன வேலை, என்ன சுறுசுறுப்பு! சொண்டால் புல்லைக் கீறி, முடிச்சுப் போட்டு, ஒரு நாளில் ஒரு சாண் கட்டினான். இந்த ஊர் ஆம்பிளைகள் மேசை ஃபேனோடு போய் இறங்குகிறோம், இவன் தனியாளாய் வீடு கட்டுகிறான் என்று நினைத்தான் கலீல். பெண் வந்து இழுத்துப் பார்த்து, சரியென்று ஓம்பட்டு, முட்டை இட்டு, அடையில் இருந்த நாளெல்லாம் அவனுடைய சரிகள் நேர்மையாகவே விழுந்தன.

கோளாறு போனில் வந்தது. அம்ராவுக்குக் கதைக்க நேரம் கிடைப்பது சுபஹு தொழுது முடித்து, தையல் மெசினில் உட்காருமுன் உள்ள ஒரு மணித்தியாலம். ஆறில் இருந்து ஏழு.

முதல்நாள் கலீல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னைக்குக் கீழே கதிரையில் இருந்து கதைத்தான். இரண்டாம் நாள் சேர்ட் போட்டான். நாலாம் நாள் போனில் கதைப்பதற்கு அத்தர் பூசினான். பூசிய பிறகுதான் யோசித்தான், மணம் மூதூருக்கு எப்படிப் போகும் என்று. எட்டாம் நாள் தாடிக்கு மருதோன்றி வைத்தான். ஹுஸ்னியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், வள்ளத்துக்கு அடிக்கிற பெயிண்ட் மூஞ்சையில பட்டிட்டா?" என்று கேட்டாள்.

"இது வெயிலுக்கு மச்சி."

"ஓம் ஓம். வெயில் மூதூர் பக்கத்தால அடிக்குதாக்கும்."

அம்ராவின் கதை அவனுக்குப் பிடித்திருந்தது. இனிக்க இனிக்கப் பேசுகிறவள் இல்லை. முதல் நாளே, "நீங்க ஒட்டின வள்ளம் எத்தினை தாண்டிருக்கி?" என்று கேட்டாள். அவன் சொல்ல வேண்டிய பகிடியை அவள் எடுத்துவிட்டாள்! நாலு வருடமாகத் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டிருந்த மனிதனுக்கு, கூடச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும்? அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒருநாள் கதை ருசியில், பசை இறுகுவதற்குக் கடுப்பன் கலந்து வைத்ததை மறந்துபோனான். வாளிக்குள் பசை சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. அந்த வாளி இப்போது ஹுஸ்னியாவின் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கட்டை.

இப்படி இருக்கும்போதுதான் கூட்டுக்குள் குஞ்சுகள் பொரித்தன.

பெண் குருவி ஓடி ஓடி வெட்டுக்கிளி பிடித்து வந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஓலையில் புதிதாக ஒரு ஹெல்மெட் கட்டி, அதில் தொங்கிக்கொண்டு செட்டையடித்தான். தொண்டை கிழியக் கத்தினான். வந்து போகிற பெண்களுக்கெல்லாம் உடம்பைக் குலுக்கிக் காட்டினான். தன் பழைய கூட்டில் இருந்து குஞ்சுகள் கத்துவது ஒரு முழத்துக்கு அப்பால் கேட்கிறதே, திரும்பிப் பார்த்தானா? இல்லை.

லைலா பள்ளிக்கூட உடுப்போடு பின்னால் வந்து நின்றாள்.

"வாப்பா, மாப்பிள்ளை ஏன் சாப்பாடு கொண்டு போறாரில்ல?"

"கொண்டு போவாரு புள்ள. இப்பதான் பொரிச்சிரிக்கி."

"உம்மாக் குருவி ஏழு தரம் போயிட்டா."

"ஆம்பிளைக்கு வெளி வேலை கூட."

"என்ன வேலை?"

அந்தக் கேள்விக்கும் கலீலுக்கும் நடுவில் போன் அடித்தது. அவன் எடுத்துக்கொண்டு வள்ளத்துக்கு அப்பால் போனான். திரும்பி வந்தபோது லைலா பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள். தாளில் பன்னிரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. புதுக் கூட்டில் நிற்குது என்ற கட்டத்துக்கு மேல் பேனையை வைத்தான். கை போகவில்லை. பின்னேரம் மகள் வந்து பார்ப்பாளே! பிள்ளை பசியில் கத்துது, வாப்பா பக்கத்து ஓலையில் ஆடிக்கொண்டு நிற்கிறார் என்று தன் கையாலேயே எப்படி எழுதுவது? மாப்பிள்ளைக்காக ஒரு சரியை "தீன் கொண்டு வருது" என்ற கட்டத்துக்குள் தள்ளினான். ஒன்று போட்டால் இரண்டு போடலாம். அன்றைக்கு நாலு போட்டான், அடுத்தடுத்த நாளும் அப்படியே.

குருவிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்தான். யாருக்கு வாங்கினான் என்று அவனுக்குத் தெரியாமலும் இல்லை. ஆனால் தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல வைத்திருக்க அவனுக்கு நல்ல பழக்கம். லைலாவிடம் மூதூர்க் கதையை அவன் இன்னும் எடுக்கவே இல்லை. சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தான்.

பத்து நாள் கழித்து ஜதுசா தாள்களை வாங்கிப் பார்த்தாள். வாசித்துக்கொண்டே நடந்தவள் வாய்க்காலுக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"அண்ணா! இவன் ஒவ்வொரு நாளும் தீன் கொண்டு வாறான்!"

"அப்பிடியா?"

"அப்பிடியாவோ? நீங்கள்தானே எழுதினனீங்கள்! நான் வாசிச்ச ஒரு இடத்திலயும் இப்பிடி ஒரு ஆண் இல்லை. மற்ற மூண்டு மரத்திலயும் ஒருத்தனும் எட்டியும் பாக்கிறேல்ல. ஐயோ அண்ணா! நான் எனக்குப் படிப்பிக்கிற சேரைக் கூட்டிக்கொண்டு வாறன்!"

"சேரை ஏன் தங்கச்சி கரைச்சல் படுத்துறீங்க…"

"இதைக் காட்டாட்டி அவர் என்னைக் கொல்லாம விடமாட்டார்."

கலீல் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மீன் முள்ளையும் சேர்த்து மென்றான். குருவிக்குக் கள்ளச் சரி போடுகிறவர்களுக்கும் தேர்தலில் கள்ள வோட்டுப் போடுகிறவர்களுக்கும் ஒரே நரகமா என்று யோசித்தான். அடுத்தநாள் விடிய எழும்பி, மாப்பிள்ளையின் கூட்டுக்குக் கீழே நின்று கெஞ்சினான். "டேய், ஒரே ஒரு நாள். ஒரே ஒரு வெட்டுக்கிளி. என்ட மானத்தைக் காப்பாத்து." மாப்பிள்ளை புதுக் கூட்டில் தொங்கிக்கொண்டு அவனுக்கும் ஒருதரம் செட்டையடித்துக் காட்டினான்.

சனிக்கிழமை காலை சேர் வந்தார். நீட்டுக் குழாய் மாதிரி ஒரு கமராவை முக்காலியில் பூட்டினார். ஜதுசா பக்கத்தில் தாள்களோடு நின்றாள். ஆறு மணி, ஆறரை, ஏழு. பெண் குருவி பதினொரு தரம் வந்து போனது. மாப்பிள்ளை ஒரு முழம் தள்ளி, ஊர் முழுக்கக் கேட்கக் கத்தி, புதுப் பெண் ஒருத்தியைக் கூட்டுக்குள் புகவைத்து, அவள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பறந்ததும் இன்னும் கூடக் கத்தினான். சேர் கமராவில் இருந்து கண்ணை எடுக்காமல், "இதுதானா அந்த ஆள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மஞ்சள் வளையம்தான் சேர்…" என்றாள் ஜதுசா. குரல் கீழே போய்விட்டது.

"இண்டைக்கு அவருக்குச் சுகமில்லையாக்கும்" என்றான் கலீல்.

"இல்ல வாப்பா" என்றாள் லைலா. சண்டை போடுகிற குரல் இல்லை, கணக்குக்கு விடை சொல்கிற குரல். "அவர் ஒவ்வொரு நாளும் அங்கதான் நிக்கிறவர். என்ட கொப்பியில இரிக்கி."

உள்ளே போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து வந்தாள். ஜதுசா அக்கா சொன்னபடி யார் யார் எங்கே எங்கே நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். அளவுகோல் வைத்து மூன்று பத்தி கீறியிருந்தாள். உம்மாக் குருவி. வாப்பாக் குருவி. மூன்றாவது பத்திக்கு மேல், எங்கட வாப்பா.

கலீல் அந்த மூன்றாவது பத்தியை மூதூர்ப் போன் தொடங்கின நாளில் இருந்து கீழே வாசித்தான். போன். போன். போன், கண்ணாடி. போன். போன், அத்தர். போன். போன், வாளி புகைஞ்சது. போன். நடுவில் ஒரே ஒரு நாள் வேறாக இருந்தது. போனுக்குச் சார்ஜ் இல்லாமல் போன நாள். அன்றைக்கு அவள் எழுதியிருந்தது: வாப்பா இரிந்தார்.

ஒரு வள்ளத்தில் எங்கே வெடிப்பு என்று தெரியாவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். கசிகிற இடம் தன்னாலே தெரியும். கலீலுக்கு இரண்டு கண்ணும் கசிந்தன. அந்த நேரத்திலும், மருதோன்றித் தாடியில் கண்ணீர் பட்டால் சேர்ட்டில் சாயம் இறங்குமா என்று ஒரு புத்தி ஓடியது. மனிதன் அவ்வளவு கேவலமானவன் என்று பிறகு அவனே எல்லோருக்கும் சொன்னான்.

"நான்தான் தங்கச்சி கள்ளச் சரி போட்டனான்" என்றான். "அவன் ஒண்டும் கொண்டு வரல்ல. ஒரு நாளும் வரல்ல."

ஜதுசா கையில் இருந்த தாள்களைப் பார்த்தாள். "ஏன் அண்ணா இப்பிடிச் செய்தனீங்கள்? ஒரு மாசம் போச்சு. எனக்கு இனி வேற மாசம் இல்லை." தாள்களை நாலாக மடித்தாள். "உங்கட மரத்தை நான் எடுக்க ஏலாது. கணக்கில இருந்து முழுசா வெட்ட வேணும்."

"வெட்டுங்க. என்னையும் சேத்து வெட்டுங்க."

சேர் கமராவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். மற்ற மூன்று மரமும் போதும், அடுத்த கிழமைக்குள் எழுதித் தா என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். கலீலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆட்கள் போனதும் லைலா கேட்டாள். "வாப்பா, நீங்க மூதூருக்குப் போனா இந்த வள்ளமெல்லாம் ஆரு ஒட்டுற?"

அவன் அப்படியே மணலில் இருந்துவிட்டான். "உனக்கு ஆரு சொன்ன?"

"நீங்கதான். போன்ல. வள்ளத்துக்கு அங்கால நிண்டாக் கேக்காதுண்டு நினைக்கிறீங்க."

அடுத்தநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. ஆறு தரம் அடித்தது. ஏழு மணிக்கு லைலா குர்ஆன் மதரசாவுக்குப் போன பிறகு அவனே எடுத்து, நடந்ததையெல்லாம் அம்ராவிடம் சொன்னான். கொப்பி, மூன்றாவது பத்தி, வாளி, அத்தர் வரைக்கும். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நாம கதைக்கக்குள்ள அந்தப் புள்ள பக்கத்தில நிண்டதா?"

"ஓம்."

"தனிய வெளிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனதா?"

"…ஓம்."

"ஒரு குருவிக்கே பொய் எழுதுற ஆள் எனக்கு என்னத்தை எழுதுவீங்க?" போனுக்குள் தையல் மெசின் ஓடத் தொடங்கியது. "இனிக் காலையில எடுக்காதீங்க. அது அவட நேரம். பின்னேரம் அவள் வந்தா போனை அவட கையில குடுங்க. எனக்கு அவளோட ஒரு கதை இரிக்கி."

பின்னேரம் லைலா போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கலீல் வெளியே வள்ளத்தைத் தேய்த்தான். தேய்க்க வேண்டாத இடத்தையும் தேய்த்தான். இருபது நிமிடம் கழித்து அவள் வெளியே வந்து போனை நீட்டினாள்.

"என்ன கேட்டவ?"

"உங்களுக்குக் குறட்டை வருமாண்டு கேட்டவ."

"வேற?"

"அது எனக்கும் அவவுக்கும் உள்ள கதை."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய அலியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கலீல் மூதூருக்குப் போனான். மோட்டர் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். பாலத்துக்குப் பாலம் அலியார், "வாயைத் திறக்காத, நான் கதைக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கலீல் வேண்டாம் என்று சொல்லத்தான் போனான். வேண்டாம் என்று சொல்லப் போகிறவன் அத்தரும் பூசியிருந்தான்.

ஸெய்னுதீன் அகலமான மனிதர். தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் வந்தன. மாதம், திகதி, எத்தனை பேர் என்று கதை போனது. குடிவருகிற நாள் என்று வந்ததும் கலீல் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் குடி வரமாட்டன் காக்கா."

அலியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ட மகளுக்கு ஒம்பது வயசு. அவட உம்மாட வீட்டில இரிக்கிறாள். அவளைப் பிடுங்கிக்கொண்டு வரவும் ஏலாது, விட்டுட்டு வரவும் ஏலாது. நான் பெரிய வாப்பா இல்ல. ஒரு மாசமா அவட பக்கத்தில நிண்டும் நான் நிக்கல்ல, அதுக்கு அவள் எழுத்தில சாட்சி வச்சிரிக்கிறாள். உங்கட தங்கச்சியை எனக்கு நல்ல விருப்பம். அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா மகளை வாசல்ல நிப்பாட்டி வச்சிட்டு என்னால இங்க வந்து சந்தோசமா இரிக்க ஏலாது."

சொல்லி முடித்ததும் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு பகிடிகூட விடாமல் இவ்வளவு நேரம் அவன் கதைத்ததே இல்லை. காது சுட்டது. எழும்பிப் போக வேண்டியதுதான் என்று செருப்பைத் தேடினான்.

ஸெய்னுதீன் தொதல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நாங்க மேல்மாடி ஊத்தினது ஆருக்கு? கிழமைக்கு ஒருக்கா வந்து போற ஆளுக்கா? ஊரு என்ன கதைக்கும்?"

உள்கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் தையல் மெசின் நின்றது.

"காக்கா, வீடு ஆர்ட பேர்ல இரிக்கி?"

"உன்ட பேர்லதான். அதுக்கு என்ன?"

"அப்ப ஆரு வரணும், எத்தினை நாளைக்கு வரணும்ண்டு நான் சொல்றன். வெள்ளி பின்னேரம் வரட்டும். ஞாயிறு விடிய அவர்ட மகளிட்டப் போகட்டும். புள்ள விரும்புற அண்டைக்கு அவளும் வரட்டும். எனக்கும் கிழமை முழுக்க ஒரு ஆம்பிளை வீட்டுக்குள்ள நிண்டாத் தையல் வேலை நடக்காது."

அலியார் ஒரு கண்ணைத் திறந்தார். ஸெய்னுதீன் திரையைப் பார்த்தார், கலீலைப் பார்த்தார், தட்டை நடுவுக்குத் தள்ளினார். "இவள் சின்னதில இரிந்தே இப்பிடித்தான்" என்றார்.

"இன்னொண்டு" என்றது திரை. "அந்த அத்தர் வேணாம். கண்ணெரியுது."

நிக்காஹ் சின்னதாக நடந்தது. லைலா வந்தாள், பிரியாணி சாப்பிட்டாள், புது வீட்டின் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினாள், இரவு ஹுஸ்னியாவோடு கிண்ணியாவுக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு?"

"ஆறு மணிக்கு அங்க நிப்பன்."

"வரல்லண்டா?"

"வருவன் புள்ள."

"வரல்லண்டா அம்ரா சாச்சிக்குக் கோல் எடுப்பன். நம்பர் இரிக்கி. அவதான் எடுக்கச் சொன்னவ."

இப்போது கலீலை மூதூரில் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை என்கிறார்கள். கிண்ணியாவில் ஞாயிற்றுக்கிழமை வாப்பா என்கிறார்கள். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு சாரம், ஒவ்வொரு பல்துலக்கி. "பேர்ல ஒரு வீடும் இல்ல, வெளிய போகச் சொல்ல ரெண்டு வீடு இரிக்கி" என்று அவனே சொல்லித் திரிகிறான். ஞாயிறு விடிய நாலரைக்கு எழும்புகிறவன் பாலங்களில் கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறான். இதுவரைக்கும் ஒருதரம் பிந்தினான், பதினைந்து நிமிடம். அதற்கிடையில் லைலாவின் போன் மூதூருக்குப் போய்விட்டது. அம்ராவிடம் வாங்கிய ஏச்சை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைக் காலைகளில் லைலாவுக்கு அவன்தான் தலை பின்னுகிறான். வள்ளத்து வெடிப்பை இழுத்து மூடுகிற அந்தத் தடித்த விரல்களுக்கு மயிர் பிடிபடவே இல்லை. ஒரு பின்னல் காதுக்கு மேலே ஏறுகிறது, மற்றது கழுத்துக்குக் கீழே போகிறது. இன்றைக்கும் அவிழ்த்து மூன்றாம் தரம் பின்னினான். ஹுஸ்னியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சான் இது, எலி கடிச்ச கயிறு மாதிரி?"

கலீல் சீப்பைக் கீழே போட்டான். "எனக்கு ஏலாது மச்சி. நீங்க வந்து பின்னுங்க, புள்ளயைப் பாத்து ஸ்கூல்ல சிரிக்கப் போறாங்க."

லைலா சீப்பை எடுத்துத் திரும்ப அவன் கையில் வைத்தாள். முகத்தைத் திருப்பாமல், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"பின்னுங்க வாப்பா. மேலால பர்தா போடுறதுதானே, ஆருக்கும் தெரியாது."